தவிட்டுக்கு வாங்கின பெண்

செவ்வந்திக்கு அன்றைக்கு வயிற்றெரிச்சல், வண்டி லைட்ஹவுஸ் குப்பத்தை விட்டுக் கிளம்பும் முன்பே ஆரம்பித்துவிட்டது. கொழுந்தன் அர்ஜுனன் மீன் ஏற்றும் குட்டியானை வண்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, பின்னால் பாய் விரித்து வைத்திருந்தான். முன் சீட்டில் ஓட்டுகிற அர்ஜுனனுக்குப் பக்கத்தில் ஒரே ஒருத்தர்தான் உட்கார முடியும். யார் உட்காருவது என்று பேச்சு எழுந்ததுமே ஐந்து வயதுத் தவுடு, "நான் அம்மா மடில" என்று கத்திக்கொண்டு ஓடினாள். ஓடியது செவ்வந்தியிடம் இல்லை. அர்ஜுனன் பெண்டாட்டி வைஷ்ணவியிடம். பெற்றவள் சோற்று அடுக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறி, புருஷன் அஜித்குமார் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

பெற்றவள் இருக்க, சித்தியை அம்மா என்று கூப்பிடுகிற கூத்து எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். தவுடுக்கு முன்னால் செவ்வந்திக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பிறந்ததும் பக்கத்து வீட்டு ரங்கம்மாள் ஓடிவந்து, இதை நீ வைத்துக்கொள்ளாதே, தவிட்டுக்கு விற்றுவிடு என்றாள். பெற்றவளுக்கு வேண்டாத பிள்ளை, யாரோ வாங்கிப்போன பிள்ளை என்றால் எமன்கூட ஏறெடுத்துப் பார்க்க மாட்டானாம். குழந்தையை முறத்தில் போட்டு வாசலில் வைத்தார்கள். அப்போது கல்யாணமாகி மூன்று மாதமே ஆன வைஷ்ணவி, வழியில் போகிறவள் மாதிரி வந்து, ஒரு கைப்பிடித் தவிட்டைக் கொடுத்துக் குழந்தையை எடுத்துக்கொண்டாள். "எனக்கு வேண்டாத புள்ள, எடுத்துனு போ" என்று செவ்வந்தி சொல்ல வேண்டும். சொன்னாள். சொல்லும்போது சிரிப்புக்கூட வந்தது.

குழந்தை தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தன்விகா, வீட்டில் தவுடு. செவ்வந்தி கூலிக்கு வந்தவளைப் போலப் பால் கொடுத்தாள். விடியற்காலை பழவேற்காட்டு ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து, பொன்னேரி மார்க்கெட்டில் விற்று வீடு திரும்ப மதியமாகிவிடும். அதுவரை பிள்ளை வைஷ்ணவி இடுப்பில்தான் இருந்தது. முறைப்படி வாங்கினவள் அம்மா, பெற்றவள் பெரியம்மா. ஐந்து வயது முடிந்து அம்மன் கோயிலில் மொட்டை போட்டபின் பெற்றவள் தவிடு கொடுத்துப் பிள்ளையைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். மொட்டை போட்டாயிற்று. தலையில் முடிகூடத் திரும்ப வளர்ந்துவிட்டது. ஆனால் செவ்வந்தி வாயைத் திறந்தாலே ஆடி வரட்டும் என்றார்கள். ஆடி வந்ததும் தை பிறக்கட்டும் என்றார்கள். தையும் போய் மே மாதம் வந்துவிட்டது, அவள் இன்னும் பெரியம்மாதான்.

இதில் கொடுமை என்னவென்றால், அப்பா மாறவில்லை. விற்றது அவள் மட்டும்தான் போல. தவுடுக்கு அஜித்குமார் நைனா, வைஷ்ணவி அம்மா. குப்பத்தில் எல்லாருக்கும் கதை தெரியும் என்பதால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. வெளியூரில் யாருக்குத் தெரியும்? செவ்வந்தி அதை யோசித்திருந்தால் அன்றைக்கு வீட்டிலேயே இருந்திருப்பாள்.

அந்த வாரம் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது, படகு எதுவும் இறங்கவில்லை. தவுடு செல்போனில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துவிட்டு நேரில் பார்க்க வேண்டும் என்று அழுததால், ஆரம்பாக்கம் தாண்டி ஹைவேயை ஒட்டி மாந்தோப்புக்குள் புதிதாக வந்திருக்கும் விலங்குப் பூங்காவுக்குப் போகலாம் என்று அர்ஜுனன் முடிவு பண்ணினான். வழியெல்லாம் முன் சீட்டிலிருந்து தவுடு பேசுவது கேட்டது. அம்மா அங்கப் பாரு, அம்மா இது இன்னா, அம்மா எனக்குத் தண்ணி. ஒவ்வொரு அம்மாவுக்கும் பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு உள்ளே சுருக்கென்றது. அஜித்குமார் கும்மிடிப்பூண்டி வருவதற்குள் வாயைப் பிளந்து தூங்கிவிட்டான்.

பூங்கா வாசலில் ஒட்டகச்சிவிங்கி நின்றது. சிமெண்டில் செய்தது. உள்ளே புலி படம் போர்டில் மட்டும் இருந்தது. நிஜத்தில் இருந்தவை ஈமு, மட்டக்குதிரை, முயல், உடும்பு மாதிரி பச்சையாக ஒன்று, பாம்பு, வெளிநாட்டுக் கிளிகள், ஆடுகள். எல்லாவற்றையும் தொடலாம், தூக்கலாம், தீனி போடலாம் என்பதுதான் அங்கே விசேஷம். ஒரு குளத்தில் இரண்டு கூழைக்கடாப் பறவைகள் நீந்திக்கொண்டிருந்தன. நம் ஏரியில் சும்மாவே கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறதைப் பார்க்க இங்கே டிக்கெட்டா என்று அர்ஜுனன் சத்தமாகச் சிரித்தான். செவ்வந்தி சிரிக்கவில்லை. அவள் கண் வைஷ்ணவியின் சுண்டுவிரலைப் பிடித்திருந்த சின்னக் கையின் மேலேயே இருந்தது.

முயல் கூண்டில் அவள் முந்திக்கொண்டாள். வைஷ்ணவி செருப்பைக் கழற்றுவதற்குள் தவுடைத் தூக்கி உள்ளே இறக்கி, தானே ஒரு வெள்ளை முயலைப் பிடித்து அவள் மடியில் வைத்தாள். குழந்தைக்கு முகமெல்லாம் பல். செவ்வந்திக்கும் மனசு குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே குழந்தை தலையைத் திருப்பி, "அம்மா, வந்து பாரேன், இதுக்கு மூக்கு ஆடுது" என்று கூப்பிட்டது. வைஷ்ணவி வந்தாள். இரண்டு பேரும் மூக்கைச் சுளித்துச் சுளித்து முயல் மாதிரி ஆட்டிக்கொண்டு சிரித்தார்கள். முயலைப் பிடித்துக் கொடுத்தவள் கையில் இருந்த நகக்கீறலை யாரும் பார்க்கவில்லை. இவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்று செவ்வந்தி நினைத்தாள். ஒரு பிள்ளை தானாகச் சிரிப்பதற்கு வைஷ்ணவி என்ன செய்ய முடியும் என்று கேட்கிற நிலையில் அவள் அன்றைக்கு இல்லை.

கிளி போட்டோ எடுக்கும் இடத்தில்தான் அவள் மானம் போனது. பெரிய பஞ்சவர்ணக்கிளிகளைத் தோளில் உட்கார வைத்து ஒரு பையன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கூட்டம் கூடினால் கிளி மிரளும், அதனால் குழந்தையோடு அப்பா அம்மா மட்டும் வரலாம் என்றான். செவ்வந்தி கொண்டையைச் சரிசெய்துகொண்டு ஒரு அடி எடுத்து வைத்தாள். அதற்குள் தவுடு ஒரு கையால் நைனாவையும் மறு கையால் வைஷ்ணவியையும் இழுத்துக்கொண்டு போய் நின்றுவிட்டாள். அஜித்குமார் என்கிற அந்த மகாபுத்திசாலி, கிளி தோளில் ஏறிய சந்தோஷத்தில் ஈயென்று இளித்தான். அம்மா இன்னும் கொஞ்சம் அப்பா பக்கம் நெருங்கி வாங்க என்று படமெடுக்கிறவன் சொல்ல, வைஷ்ணவி வெட்கப்பட்டு நகராமல் நின்றாள். அவள் நகரவில்லை என்பதையும், அவள் முகம் சிவந்ததையும் செவ்வந்தி சேர்த்தே பார்த்தாள். சிவந்ததை மட்டும் மனசில் வைத்துக்கொண்டாள்.

அத்தோடு முடிந்ததா? நாலு பேருடைய தண்ணீர் பாட்டில், வைஷ்ணவியின் கைப்பை, தவுடின் தொப்பி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நின்றவளைப் பார்த்து அந்தப் பையன் சொன்னான்.

"ஆயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நிழலு வுழுது."

முப்பது வயது அவளுக்கு. வெயிலில் கூடை சுமந்து கறுத்த முகம், உப்புக் காற்றில் செம்பட்டையான தலைமுடி, எல்லாம் சேர்ந்து அவளை ஆயாவாக்கிவிட்டன. பிள்ளை பார்த்துக்கொள்ள வந்த வேலைக்காரி. அர்ஜுனனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. செவ்வந்தி தள்ளி நின்றாள். நைனா, அம்மா, மகள், இரண்டு கிளி என்று அழகாக ஒரு குடும்பப் படம் அச்சாகி அட்டையில் ஒட்டி வந்தது. தவுடு அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

மதியம் மாமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். செவ்வந்தி விடிவதற்கு முன்னாலேயே எழுந்து தவுடுக்கென்று நல்ல வஞ்சிரத் துண்டாக வறுத்து, முள்ளெல்லாம் எடுத்து, தனி டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். உருண்டை பிடித்துக் குழந்தையின் வாய்க்கு நேராக நீட்டினாள். அம்மா ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று அது வாயை மூடிக்கொண்டது. டப்பா கைமாறியது. வைஷ்ணவி ஊட்ட ஊட்ட ஆவென்று வாங்கித் தின்றுவிட்டு, "அம்மா, மீனு சூப்பரா கீதும்மா" என்று அவளுக்கே ஒரு முத்தமும் கொடுத்தது. வைஷ்ணவி உடனே, மீன் வறுத்தது பெரியம்மா என்று எடுத்துச் சொன்னாள். அந்த நல்லதனம் செவ்வந்திக்கு இன்னும் அதிகமாக எரிந்தது. தன் பிள்ளையிடம் தனக்கு இன்னொருத்தி சிபாரிசு பண்ண வேண்டியிருக்கிறதே என்று அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அஜித்குமார் பின்னாலேயே வந்தான். வெளியில் வந்த இடத்தில் மூஞ்சியை ஏன் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டான். எனக்கு என் பிள்ளை வேண்டும், இந்த வாரமே கோயிலில் திருப்பி வாங்கியாக வேண்டும் என்று அவள் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். அந்தச் சொறிதலிலேயே ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிடித்து உலுக்கியதும் சொன்னான். தம்பியும் அவன் பெண்டாட்டியும் தன்னிடம் வந்து கேட்டுக்கொண்டார்களாம். வைஷ்ணவிக்கு இன்னும் ஒன்றும் தங்கவில்லை, அவளுக்கென்று ஒன்று பிறக்கிற வரைக்கும் தவுடு அவளிடமே இருக்கட்டும் என்று. இவனும் சரி என்றிருக்கிறான். ஆடியும் தையும் எல்லாம் அவளுக்குக் காட்டிய போக்குதான்.

"ஒரே வூட்லதான கீது? எங்க போயிடப் போவுது உம்புள்ள?" என்றான் அஜித்குமார்.

அவள் திரும்பி நடந்தாள். மூன்று பேரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். பெற்றவளைக் கேட்காமல் பேசியிருக்கிறார்கள். வைஷ்ணவிக்குப் பிள்ளை இல்லை என்பது செவ்வந்திக்குத் தெரியாதா? இரண்டைப் பறிகொடுத்தவளுக்குத் தெரியாத வெறும் வயிறா? ஆனால் அதற்காகத் தன் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கிற அளவுக்கு அவள் தெய்வம் இல்லை. மனுஷி. அதிலும் அன்றைக்குப் பொறாமையில் வெந்துகொண்டிருந்த மனுஷி.

அவள் வந்தபோது வைஷ்ணவியும் அர்ஜுனனும் தவுடும் ஆட்டுப் பட்டியில் இருந்தார்கள். குட்டை ஆடுகளும் காது தொங்கும் ஆடுகளும் வேலி மேல் காலைத் தூக்கிப் போட்டுத் தீனி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன. ஓரமாக ஒரு பெண் காகிதக் கப்பில் ஆட்டுத் தீனி நிரப்பி விற்றுக்கொண்டிருந்தாள். செவ்வந்தி எட்டிப் பார்த்தாள். தவிடு. நல்ல நெல்லுத் தவிடு.

அவள் ஒரு கப் வாங்கினாள். ஆடுகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. அவள் ஆடுகளைப் பார்க்காமல் நேராக நடந்துபோய் வைஷ்ணவிக்கு முன்னால் நின்றாள்.

"இந்தா. நீ அன்னிக்குக் குடுத்தது ஒரு புடி. இது ரெண்டு புடி இருக்கும். எம்புள்ளய எங்கிட்ட குடு."

அர்ஜுனன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அண்ணி முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். மூச்சிரைக்க ஓடிவந்த அஜித்குமார், எல்லோரும் பார்க்கிறார்கள், வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

"பாக்கட்டும். அன்னிக்குக் குடுக்கச்சொல்லோ ஊரே பாத்துனுதான இருந்துச்சு."

வைஷ்ணவி நினைத்திருந்தால் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். அம்மன் முன்னால் செய்ய வேண்டியதை ஆட்டுப் புழுக்கை மேல் நின்று செய்வதா என்று கேட்டிருக்கலாம். அழுது கூட்டம் கூட்டியிருக்கலாம். அவள் எதுவும் செய்யாமல் கப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் தவிடு கீழே சிந்தியது. பிறகு குழந்தையின் முன் குனிந்து உட்கார்ந்து, அதன் கையை எடுத்துச் செவ்வந்தியின் கையில் வைத்தாள்.

"தவுடு, இவங்கதான் உன் அம்மா. இனிமே அப்டித்தான் கூப்புடணும். இன்னா?"

"அப்ப நீ?"

"நான் சித்தி" என்றாள் வைஷ்ணவி. எழுந்து, கப்பைக் கையில் பிடித்தபடியே, வண்டி நிறுத்தியிருந்த கேட் பக்கம் நடந்தாள். அர்ஜுனன் அண்ணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பின்னால் போனான். அஜித்குமார் இரண்டு பக்கமும் பார்த்து, தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டு நழுவினான்.

செவ்வந்தி ஜெயித்துவிட்டாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இப்போது எவன் ஆயா என்று சொல்கிறான் பார்க்கலாம் என்று கிளிக்காரன் முன்னாலேயே ஒரு நடை நடந்தாள். குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். மட்டக்குதிரை மேல் ஏற்றி ஒரு சுற்று அழைத்துப் போனாள். தவுடு அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. ஐஸ் கையில் வழிந்தது, நக்கவில்லை. குதிரை மேலிருந்து கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. கீழே இறக்கிவிட்டதும், அம்மா எங்கே என்று கேட்டது.

"நான்தாண்டி உன் அம்மா."

"நீ பெரிம்மா."

செவ்வந்தி அதை ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல் பெஞ்சில் உட்கார வைத்து, ஐஸ் வழிந்த கையைத் துடைத்துவிட்டு, பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தாள். நீ பிறந்தது என் வயிற்றில். சாமி உன்னைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்று உன்னைச் சித்திக்கு விற்றேன். சித்தி ஒரு பிடி தவிடு கொடுத்து வாங்கினாள், அதனால்தான் உனக்குத் தவுடு என்று பேர். இப்போது நான் தவிடு கொடுத்துத் திருப்பி வாங்கிவிட்டேன். குழந்தை வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கிறதே என்ற ஆசையில் செவ்வந்தி ஒரு வார்த்தை கூடவே சொல்லிவிட்டாள்.

"யாரு தவுடு குடுக்கறாங்களோ அவங்க சொல்றதுதான். இப்ப நான் குடுத்துட்டேன். நீ என்னிது."

தவுடு கொஞ்ச நேரம் யோசித்தது. சரியென்று தலையை ஆட்டியது. ஆடு பார்க்கப் போகிறேன் என்று பெஞ்சிலிருந்து இறங்கியது. செவ்வந்திக்கு ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. குழந்தைதானே, நாலு நாளில் பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். காலையிலிருந்து முதல்முறையாகக் காற்று இதமாக இருந்தது. குழந்தை வேலியோரம் குனிந்து குனிந்து ஏதோ பொறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு ஆடு அதன் தலையை முட்டியது, அதை முழங்கையால் தள்ளிவிட்டு மறுபடி குனிந்தது. செவ்வந்தி குழந்தையை ஆசை தீரப் பார்த்தாள்.

தவுடு திரும்பி நடந்து வந்து அவள் முழங்காலுக்கு முன்னால் நின்றது. இரண்டு கையும் இறுக மூடியிருந்தது.

"அம்மா" என்று கூப்பிட்டது.

அவளைத்தான். வேறு யாரும் அங்கே இல்லை. செவ்வந்திக்குக் கண் நிறைந்து, குழந்தையின் முகமே கலங்கிப்போனது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இன்றைக்கு ஊர் சிரிக்க நின்றாள். "இன்னாடி கண்ணு?" என்று குனிந்து கேட்டாள்.

குழந்தை விரல்களைப் பிரித்தது. ஆடுகள் தின்னும்போது சிந்தினது, மண்ணும் முடியும் கலந்து, இரண்டு சின்னக் கை நிறையத் தவிடு.

"இந்தா, வாங்கிக்கோ. என்ன எங்கம்மாகிட்ட குடுத்துடு" என்றது. செவ்வந்தி அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "பத்தலன்னா இன்னும் எடுத்தாறேன்" என்றது.

செவ்வந்தி முந்தானையை விரித்துப் பிடித்தாள். தவுடு இரண்டு கையையும் அதில் கொட்டி, ஒட்டியிருந்ததையும் தட்டிவிட்டு, கேட்டைப் பார்த்து ஓடினாள்.